புரதம் ஆர்என்ஏவைப் பற்றுகிறதா? ஜெல் பெயர்ச்சிச் சோதனையைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு புரதம் குறிப்பிட்ட ஓர் ஆர்என்ஏவுடன் பிணைகிறதா, பிணைந்தால் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்ற கேள்வியோடு ஆய்வகத்துக்கு வரும் மாணவரின் கைக்கு முதலில் எட்டுவது ஜெல் பெயர்ச்சிச் சோதனைதான். அடையாளமிட்ட ஆர்என்ஏவைத் தனியாக ஒரு பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டினால் அது வேகமாகக் கீழே இறங்கும். புரதம் பிணைந்திருந்தால் அதன் சுமையோடு நகர வேண்டியிருப்பதால் பின்தங்கி, மேலே வேறொரு பட்டையாக நிற்கும். 1981இல் டிஎன்ஏவுக்காக வகுக்கப்பட்ட இந்த முறை பின்னர் ஆர்என்ஏவுக்கும் வந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு நாளில் விடை கிடைத்துவிடும் என்பவை இதன் சிறப்புகள். ஆனால் எளிதாகத் தெரிவதாலேயே இதில் ஏமாறுவதும் எளிது. ஜெல்லில் போட்ட ஆர்என்ஏ முழுவதற்கும் ஒவ்வொரு தடத்திலும் கணக்குச் சொல்ல முடிய வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்தப் போகிறேன்.

பழகுவதற்கு ஒரு நல்ல இணை

உங்கள் ஆய்வுக்குரிய புரதத்தை எடுத்துக்கொண்டு நேரடியாக இறங்க வேண்டாம். விடை ஏற்கெனவே நன்கு தெரிந்த ஓர் இணையைக் கொண்டு கையைப் பழக்கிக்கொண்டால், பின்னால் சோதனை தவறும்போது பிழை உங்கள் கையிலா புரதத்திலா என்று பிரித்தறிய முடியும். எம்எஸ்2 என்ற பாக்டீரியா வைரஸின் உறைப் புரதமும் அது பற்றும் ஆர்என்ஏ கொண்டை ஊசியும் (தன்மேலேயே மடங்கி நிற்கும் சிறிய ஆர்என்ஏ) இதற்கு மிகப் பொருத்தமானவை. புரதம் 129 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது, ஈ.கோலை பாக்டீரியாவில் தாராளமாக உற்பத்தியாகும். ஆர்என்ஏ 19 நியூக்ளியோடைடு நீளமே உடையது. வேதித் தொகுப்பு செய்யும் நிறுவனங்களிடம் சொல்லி வாங்கிவிடலாம்.

அதன் வரிசை ஏ-சி-ஏ-யு-ஜி-ஏ-ஜி-ஜி-ஏ-யு-யு-ஏ-சி-சி-சி-ஏ-யு-ஜி-யு. தாளில் எழுதி இரு முனைகளையும் மடக்கிப் பாருங்கள். கீழே ஐந்து இணைகள் கொண்ட தண்டு, அதன் மேல் இணையின்றிப் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் ஓர் ஏ, அதற்கு மேல் இரண்டு ஜி-சி இணைகள், உச்சியில் ஏ-யு-யு-ஏ என்ற நான்கெழுத்து வளையம். இந்தத் துண்டின் வால் பகுதியில் வரும் ஏ-யு-ஜி, வைரஸின் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் ரெப்ளிகேஸ் புரதம் மொழிபெயர்க்கத் தொடங்கும் இடமாகும். உறைப் புரதம் போதிய அளவு பெருகியதும் இந்த ஊசியைப் பற்றிக்கொண்டு ரெப்ளிகேஸ் உற்பத்தியை அடைத்துவிடுகிறது. இப்படி ஓர் உயிரியல் காரணம் உள்ள பிணைப்பு என்பதால்தான் இது நானோமோலார் அளவில் இறுக்கமாகவும், மாற்றங்களை எளிதில் பொறுக்காததாகவும் இருக்கிறது. வளையத்தின் மூன்றாவது எழுத்தான யுவை சியாக மாற்றினால் பிணைப்பு மேலும் இறுகும். புடைத்து நிற்கும் ஏவை நீக்கினால் பெருமளவு தளர்ந்துவிடும். ஆகவே இயல்பான வரிசை, சி மாற்றம், ஏ நீக்கம் என்று மூன்று ஆர்என்ஏக்களை வாங்கி வைத்தால், பிணையும், இன்னும் நன்றாகப் பிணையும், பிணையாது என்ற மூன்று நிலைகளும் உங்கள் கையில் இருக்கும்.

ஆர்என்ஏவைத் தயார் செய்தல்

முனையில் ஃபுளோரசின் போன்ற ஒளிரும் சாயம் இணைத்த ஆர்என்ஏவுடன் தொடங்குவது நல்லது. கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கொண்டு அடையாளமிட்டால் மிகக் குறைந்த அளவையும் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அதன் அரை ஆயுள் 14.3 நாள் மட்டுமே, அனுமதியும் பயிற்சியும் வேண்டும், கழிவை அப்புறப்படுத்தும் விதிகளும் கடுமை. மிக இறுக்கமான பிணைப்பை அளக்க நேரும்போது அந்தப் பக்கம் போகலாம்.

வாங்கிய ஆர்என்ஏ வேதித் தொகுப்பிலிருந்து வந்தது என்பதற்காக அது சரியாக மடிந்திருக்கும் என்று கருதக் கூடாது. ஆர்என்ஏவை 1 மைக்ரோமோலார் அல்லது அதற்கும் குறைவான செறிவில், மெக்னீசியம் இல்லாத நீர்த்த தாங்கல் கரைசலில் எடுத்து, 95 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம் வைத்து, உடனே பனிக்கட்டியில் இறக்குங்கள். கொண்டை ஊசியின் இரு கைகளும் ஒன்றுக்கொன்று இணையானவை என்பதால், செறிவு அதிகமாக இருந்து மெல்ல ஆறவிட்டால் ஒரு மூலக்கூறு தனக்குள் மடிவதற்குப் பதிலாக இரண்டு மூலக்கூறுகள் நீளவாக்கில் சேர்ந்து இரட்டை இழையாகிவிடும். ஜெல்லில் அது புரதமே இல்லாத தடத்தில் கூடுதலாக ஒரு பட்டையாகத் தெரியும். மெக்னீசியத்தை ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், ஏனெனில் கொதிநிலைக்கு அருகில் மெக்னீசியம் அயனி ஆர்என்ஏ இழையை வெட்டத் துணைபோகும்.

அடுத்தது ஆர்என்ஏவைச் சிதைக்கும் ரைபோநியூக்ளியேஸ் நொதிகள். கைவிரலின் தோலிலேயே இவை உண்டு. ரைபோநியூக்ளியேஸ் ஏ, உயர் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் வைத்தாலும் முழுமையாக அழியாது. கையுறையை அடிக்கடி மாற்றுவது, வடிகட்டியுள்ள பிப்பெட் முனைகளைப் பயன்படுத்துவது, ஆர்என்ஏ வேலைக்கென்றே தனிக் கரைசல்களை ஒதுக்குவது ஆகியவை பழக்கமாக வேண்டும். இந்த நொதிகளை முடக்கும் வேதிப்பொருளான டிஇபிசியைச் சேர்த்து ஓரிரவு வைத்து ஆட்டோகிளேவ் செய்த நீர் நல்லது. ஆனால் டிரிஸ் என்ற தாங்கல் கரைசலில் நேரடியாக டிஇபிசியைச் சேர்க்கக் கூடாது. டிரிஸின் அமைன் பகுதியோடு அது வினைபுரிந்து வீணாகிவிடும். டிஇபிசி நீரைக் கொண்டு டிரிஸ் தயாரிப்பதே முறை.

என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புரதத்தின் அளவு கூடக் கூட, கீழே இருந்த ஆர்என்ஏ பட்டை படிப்படியாக மங்கி, கடைசித் தடத்தில் அறவே மறைந்தது. மேலே புதிய பட்டை எதுவும் தெளிவாக எழவில்லை. பிணைந்த பொருள் ஓடும்போது பிரிந்து கலங்கியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மறைந்த அளவையே பிணைப்பு என்று கணக்கிட்டு அழகான ஒரு வளைகோடும் வரைந்தேன். மூன்று வாரம் கழித்து, அதே கலவைகளை 8 மோலார் யூரியா கொண்ட ஜெல்லில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மூத்த அக்கா ஒருவர். யூரியா புரதத்தின் பிடியைக் கழற்றிவிடும் என்பதால், ஆர்என்ஏ முழுதாக இருந்தால் எல்லாத் தடங்களிலும் ஒரே உயரத்தில், ஒரே அடர்த்தியில் நிற்க வேண்டும். என் ஜெல்லில் புரதம் கூடக் கூட ஆர்என்ஏ துண்டு துண்டாகச் சிதறி அடியில் கிடந்தது. புரதத் தயாரிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த நொதி ஆர்என்ஏவைத் தின்றிருக்கிறது; நான் அதைப் பிணைப்பு என்று எழுதி வைத்திருந்தேன். அன்று முதல், எந்தப் புதிய புரதத் தயாரிப்பையும் அதன் மிக உயர்ந்த செறிவில் ஆர்என்ஏவுடன் சோதனைக்குரிய நேரம் வரை வைத்து யூரியா ஜெல்லில் ஓட்டிப் பார்க்காமல் நான் பிணைப்புச் சோதனையைத் தொடங்குவதில்லை. நீங்களும் தொடங்க வேண்டாம்.

புரதத்தைத் தயார் செய்தல்

ஆர்என்ஏவைப் பற்றும் புரதம், அதை உற்பத்தி செய்த பாக்டீரியாவின் ஆர்என்ஏவையும் பற்றிக்கொண்டே வெளியே வரும். ஆகவே தூய்மைப்படுத்திய பின் 280 நானோமீட்டரில் மட்டும் ஒளி உறிஞ்சலை அளந்துவிட்டு நிறுத்தாமல், 260 நானோமீட்டரிலும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். 260ஐ 280ஆல் வகுத்தால் சுத்தமான புரதத்துக்குப் பெரும்பாலும் 0.6க்கு அருகில் வரும். 1ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட புரதத்தின் பிடி ஏற்கெனவே வேறோர் ஆர்என்ஏவால் நிரம்பியிருப்பதால் உங்கள் ஆர்என்ஏவை அது பற்றாது. செறிவுக் கணக்கும் தவறும். தூய்மைப்படுத்தும்போது 1 மோலார் சோடியம் குளோரைடு கொண்டு நன்றாகக் கழுவுவதும், பின்னர் ஹெப்பாரின் பத்தியில் (நியூக்ளிக் அமிலம் போல எதிர்மின்னூட்டம் கொண்ட பொருள் நிரப்பிய குழாயில்) ஒருமுறை ஏற்றி இறக்குவதும் பெரும்பாலும் இதைத் தீர்க்கும்.

புரதம் முழுவதும் உயிர்ப்புடன் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதற்கு ஆர்என்ஏவை வேண்டுமென்றே பிரிகை மாறிலியை (பிணைப்பின் இறுக்கத்தைக் காட்டும் செறிவு, விளக்கம் அடுத்த பகுதியில்) போல் 50 முதல் 100 மடங்கு செறிவில் எடுத்துக்கொண்டு, புரதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். சேர்க்கும் புரதம் எல்லாம் உடனுக்குடன் பிணைந்து, வரைபடம் நேர்கோடாக ஏறி, ஆர்என்ஏ தீர்ந்த இடத்தில் சட்டென மடங்கித் தட்டையாகும். எம்எஸ்2 உறைப் புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்தே ஓர் ஊசியைப் பற்றுவதால், புரதம் முழுதும் உயிர்ப்புடன் இருந்தால் அந்த மடிப்பு ஓர் ஆர்என்ஏவுக்கு இரண்டு புரதம் என்ற இடத்தில் விழும். நான்கு என்ற இடத்தில் விழுந்தால் பாதிப் புரதம் வேலை செய்யவில்லை என்று பொருள். அதற்கேற்ப எல்லாச் செறிவுகளையும் திருத்திக்கொள்ளுங்கள். இந்தப் புரதம் செறிவு கூடினால் 180 பிரதிகள் சேர்ந்த வைரஸ் உறையாகவே திரண்டுவிடும் இயல்புடையது என்பதையும் நினைவில் வைத்து, உறையாகத் திரளாதபடி மாற்றப்பட்ட வடிவம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எவ்வளவு ஆர்என்ஏ, எவ்வளவு நேரம்

புதியவர்கள் மட்டுமல்லாமல் பழகியவர்களும் அதிகம் தவறும் இடம் இதுதான். பிரிகை மாறிலி என்பது ஆர்என்ஏவின் பாதி பிணைந்திருக்கும் நிலையில் பிணையாமல் உலவும் புரதத்தின் செறிவு. நாம் அறிவதோ குழாயில் போட்ட மொத்தப் புரதம். ஆர்என்ஏ மிகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அதிகமாக இருந்தால், பாதி பிணையும் புள்ளி பிரிகை மாறிலியில் நிற்காமல், அதனுடன் ஆர்என்ஏ செறிவின் பாதியும் கூடிய இடத்துக்குத் தள்ளிப் போகும். உண்மையான பிரிகை மாறிலி 1 நானோமோலார் என்று வையுங்கள். பட்டை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 100 நானோமோலார் ஆர்என்ஏ போட்டீர்களானால், ஓர் ஆர்என்ஏவை ஒரு மூலக்கூறாகப் பற்றும் புரதத்துக்குப் பாதிப் புள்ளி 51 நானோமோலாரில் விழும். புரதத்தை 51 மடங்கு பலவீனமானதாக அறிக்கையிட்டுவிடுவீர்கள். ஆர்என்ஏ செறிவு பிரிகை மாறிலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பொது விதி. ஒளிரும் சாயத்தால் அவ்வளவு குறைவாகப் பார்க்க முடியாதபோது, பிணைந்து செலவான புரதத்தையும் கணக்கில் எடுக்கும் இருபடிச் சமன்பாட்டைக் கொண்டு பொருத்த வேண்டும். ஆர்என்ஏ செறிவை இரண்டு, மூன்று மடங்கு மாற்றிப் பார்த்தும் அதே விடை வந்தால் நிம்மதி.

நேரமும் இவ்வாறே. பிணைப்புச் சமநிலையை எட்டும் வேகம், புரதம் மிகக் குறைவாக உள்ள குழாயில்தான் மிக மெதுவாக இருக்கும். அங்கே அது ஏறத்தாழப் பிரியும் வேகத்துக்குச் சமம். வினாடிக்கு மோலாருக்கு 10 லட்சம் என்ற வேகத்தில் சேரும் ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். பிரிகை மாறிலி 1 நானோமோலார் என்றால் பிரிவதன் அரை ஆயுள் சுமார் 11.5 நிமிடம், ஐந்து அரை ஆயுள் காத்திருக்க ஒரு மணி நேரம் போதும். அதே வேகத்தில் சேரும் இணையின் பிரிகை மாறிலி 10 பிகோமோலார் என்றால் அரை ஆயுளே 19 மணி நேரம். ஐந்து அரை ஆயுளுக்கு நான்கு நாள் ஆகும். அரை மணி நேரம் வைத்து அளந்தால் அந்தப் புரதம் எவ்வளவு இறுக்கமானது என்பது நமக்குத் தெரியவே வராது. 2020இல் ஸ்டான்ஃபோர்டின் டேனியல் ஹெர்ஷ்லாக் குழு, வெளியான 100 ஆய்வுகளைப் பரிசீலித்தபோது, பெரும்பாலானவை சமநிலை எட்டியதா என்று நேரத்தை மாற்றிப் பார்த்ததாகப் பதிவு செய்யவே இல்லை என்று கண்டது. செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. ஒரே தொடரை 30 நிமிடம், 1 மணி, 3 மணி என்று மூன்று நேரங்களில் ஓட்டுங்கள். கடைசி இரண்டும் ஒத்துப்போனால் போதும். இல்லையென்றால் இன்னும் நீட்டுங்கள்.

கலவையும் ஓட்டமும்

பிணைப்புக் கரைசலாக, 20 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 7.5, 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, புரதத்தை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டிடிடி 1 மில்லிமோலார், 5 சதவீதம் கிளிசரால், மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்தின் ஆல்புமின் புரதம்) என்று தொடங்கலாம். பிஎஸ்ஏவை விட்டுவிடாதீர்கள். நானோமோலார் அளவுக்கு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்ஏ அந்தச் சுவரை முன்கூட்டியே மூடிவிடுகிறது.

புரதத்தை இதே கரைசலில், இறுதிச் செறிவைப் போல் இரு மடங்காக, பனிக்கட்டியின் மேல் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். 1,000 நானோமோலாரில் தொடங்கி 12 குழாய் என்றால் கடைசியில் சுமார் 0.5 நானோமோலார் வரை இறங்கிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் முனையில் ஒட்டிய புரதம் அடுத்தடுத்த குழாய்களுக்கு இழுபட்டு, தொடரின் அடிப்பகுதி முழுதும் பொய்யாகும். இவற்றில் 10 மைக்ரோலிட்டரோடு இரு மடங்கு செறிவுள்ள ஆர்என்ஏ 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால் வினை தயார். புரதமே சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

19 நியூக்ளியோடைடு போன்ற சிறிய ஆர்என்ஏவுக்கு 8 சதவீதப் பாலிஅக்ரிலமைடு ஜெல் ஏற்றது. இறுகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, கையுறையின்றி ஊற்றாதீர்கள். அரை மடங்கு செறிவுள்ள டிபிஇ (டிரிஸ், போரேட், இடிடிஏ) கரைசலில், குளிர் அறையில், 100 வோல்ட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வெறும் ஜெல்லை ஓட்டுங்கள். ஜெல்லை இறுகச் செய்த வேதிப்பொருளின் மிச்சம் அப்போது வெளியேறும், ஜெல்லும் குளிர்ந்துவிடும். டிபிஇயில் உள்ள இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், உங்கள் பிணைப்புக்கு மெக்னீசியம் இன்றியமையாதது என்றால் இடிடிஏ இல்லாத கரைசலை எடுங்கள்.

மாதிரியை இறக்கும் முன் ஒவ்வொரு குழியையும் ஊசிக்குழலால் கரைசலைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாதிரியில் நீலச் சாயம் கலக்க வேண்டாம். கிளிசரால் கனமே அதைக் குழியின் அடிக்குக் கொண்டு போகும். விளக்கை எதிரே பிடித்துப் பார்த்தால், தண்ணீருக்குள் சர்க்கரைப் பாகு இறங்குவதுபோல் மாதிரி நெளிந்து இறங்குவது தெரியும். புரோமோஃபீனால் நீலத்தை ஓரத்தில் காலியாக உள்ள ஒரு குழியில் மட்டும் இடுங்கள். குறைந்த மின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதிரிகளை இறக்குவது நல்லது; ஆனால் குழியில் கை படாமல் பிப்பெட் முனை மட்டும் உள்ளே போகும் அளவுக்குப் பழகிய பிறகு, மூத்தவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள். ஜெல்லுக்குள் நுழையும்வரை கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிணைந்தது பிரிய வாய்ப்பு. நீலக்கோடு பாதித் தூரத்தைக் கடந்ததும் நிறுத்திவிடலாம். சிறிய ஆர்என்ஏ அதற்கும் முன்னால் போய் வெளியே விழுந்துவிடக்கூடும்.

பட்டைகளைப் படித்தல்

முதலில் கணக்கு. ஒவ்வொரு தடத்திலும் குழி முதல் அடி வரை உள்ள மொத்த ஒளிர்வை அளந்து ஒப்பிடுங்கள். எல்லாத் தடங்களிலும் ஏறத்தாழ ஒரே மொத்தம் இருந்தால் மேற்கொண்டு போகலாம். புரதம் கூடும்போது மொத்தம் குறைந்தால், நொதி தின்கிறதா அல்லது ஆர்என்ஏ குழாயிலேயே தங்கிவிடுகிறதா என்று தேட வேண்டும். குழியிலேயே ஒளிர்வு குவிந்திருந்தால் புரதம் திரண்டு கட்டியாகிறது. அதைப் பிணைப்பாக எண்ணக் கூடாது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே புகைபோல் இழுவை இருந்தால், ஓட்டத்தின் நடுவே பிணைப்பு பிரிந்திருக்கிறது. அந்த ஒளிர்வு தொடக்கத்தில் பிணைந்திருந்த ஆர்என்ஏவுடையது. ஆகவே பிணையாத பட்டையை மட்டும் தனியாக அளந்து, எஞ்சிய அனைத்தையும் பிணைந்ததாகக் கொள்வது பெரும்பாலும் சரியான வழி. மொத்தக் கணக்கு ஒத்துவரும் ஜெல்லில் மட்டுமே இதைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

வளைகோடு வரைந்ததும் அதன் அகலத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற எளிய பிணைப்பில் ஆர்என்ஏவின் 10 சதவீதம் பிணைவதிலிருந்து 90 சதவீதம் பிணையும்வரை புரதச் செறிவு 81 மடங்கு கூட வேண்டும். உங்கள் கோடு சுமார் 10 மடங்குக்குள் அடியிலிருந்து உச்சிக்குத் தாவினால் இரண்டு ஐயங்கள் எழ வேண்டும். ஆர்என்ஏவை அதிகமாகப் போட்டிருக்கலாம், அல்லது பல புரதங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கூட்டாகப் பிணையலாம். முன்னதை விலக்காமல் பின்னதை எழுதுவது தவறு.

குறித்த வரிசையைத்தான் புரதம் பற்றுகிறது என்று காட்டப் போட்டி வேண்டும். அடையாளமிட்ட ஆர்என்ஏவும் புரதமும் பிணைந்த கலவையில் அடையாளமில்லாத அதே ஆர்என்ஏவை 100 மடங்கு சேர்த்தால் மேல் பட்டை மறைய வேண்டும். புடைப்பு நீக்கிய ஆர்என்ஏவை அதே அளவு சேர்த்தால் மறையாமல் நிற்க வேண்டும். இவ்விரண்டு தடங்களும் அடுத்தடுத்து இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. செல் சாறு போன்ற கலப்படமான மாதிரியில் ஈஸ்ட் டிஆர்என்ஏ போன்ற பொதுப் போட்டியாளரைச் சேர்ப்பது தேவைதான். ஆனால் தூய புரதத்தின் பிரிகை மாறிலியை அளக்கும்போது அதைத் தாராளமாகக் கொட்டினால் அதுவும் புரதத்தைப் பங்கு கேட்கும்.

இன்னொரு முறையால் சரிபார்த்தல்

ஜெல்லில் கிடைத்த எண்ணை வேறு வழியிலும் ஒருமுறை அளப்பது நல்லது. நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள் புரதத்தைப் பிடித்து வைக்கும், தனி ஆர்என்ஏவைக் கீழே விட்டுவிடும். அதனடியில் மின்னூட்டமுள்ள நைலான் தாளை வைத்தால் தப்பிய ஆர்என்ஏ அதில் பிடிபடும். டிமத்தி லோமன் குழு 1993இல் விவரித்த இந்த இரட்டைத் தாள் முறையில் பிணைந்ததும் பிணையாததும் இரண்டுமே அளக்கப்படுவதால், நான் மேலே சொன்ன மொத்தக் கணக்கு தானாகவே கிடைத்துவிடுகிறது. சில வினாடிகளில் வடிந்துவிடுவதால் நடுவே பிரியும் சிக்கலும் குறைவு. எத்தனை வகைப் பிணைப்புகள் உள்ளன என்பதை மட்டும் தாள் காட்டாது. அதற்கு ஜெல்லின் பட்டைகளே வேண்டும். ஒளிரும் ஆர்என்ஏ கையில் இருப்பதால், கரைசலில் வைத்தே ஒளியின் முனைவாக்க மாற்றத்தை அளக்கும் முறையும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. சிறிய ஆர்என்ஏ வேகமாகச் சுழலும், பெரிய புரதம் பற்றியதும் சுழற்சி மந்தமாகும். எதையும் பிரிக்காமலே சமநிலையை நேரம் நேரமாகப் பின்தொடரலாம்.

இவை எல்லாம் கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பவை. செல்லுக்குள் அந்தப் புரதம் உண்மையில் எந்த ஆர்என்ஏக்களின் மேல் அமர்ந்திருக்கிறது என்று அறிய, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியால் இரண்டையும் நிலையாகப் பிணைத்துப் பிரித்தெடுக்கும் கிளிப் முறை வேண்டும். 2003இல் ராபர்ட் டார்னல் குழு மூளையின் நோவா புரதத்துக்காக அதை வெளியிட்டது. அந்த முறையில் இறங்கும் முன், உங்கள் புரதத்தின் முதல் சில ஜெல்களில் ஓரத்தில் மூன்று குழிகளை ஒதுக்கி, எம்எஸ்2 புரதத்தையும் அதன் மூன்று ஊசிகளையும் ஓட்டுங்கள். அந்த மூன்று தடங்களும் எதிர்பார்த்தபடி வந்த நாளின் ஜெல்லை மட்டும் குறிப்பேட்டில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.